முப்பத்தெட்டாம் தொகுதியின் கடைசிப் பக்கம்

1981 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. எங்கள் மாவட்ட நீதிமன்றத்தின் தரைத்தளச் சிற்றறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மேசையின் தலைப்பக்கம் அலுவலக மேலாளர் டென்ஹாஃப். அவருக்கு வலப்புறம், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், ஆவணக் காப்பகத்திலிருந்து வந்திருந்த டாக்டர் அஸ்முஸ் அம்மையார். சூடாக்கும் குழாயை ஒட்டிய கதகதப்பான இடத்தில் கட்டடக் காவலர் பெல்ட்ஸர். அவரை யாரும் கூப்பிடவில்லை. நிலவறைச் சாவி தேவைப்பட்டது. சாவியோடு அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார். கதவருகே, காற்று வரும் பக்கம், குறிப்பெடுக்க நான். பெயர் லூட்கே, பதிவேட்டு எழுத்தர், முப்பத்தோரு ஆண்டுச் சேவை, ஒரு கண்டனக் கடிதம்கூட வாங்கியதில்லை.

மேசையருகே ஒரு தள்ளுவண்டியில் முப்பத்தெட்டுத் தொகுதிகள். 1951இல் எங்கள் நீதிமன்றத்தில் நடந்த பிரான்ட்னர் வழக்கு அது. போர்க்காலத்தில் கிழக்கே ஒரு நாஜி வதைமுகாமில் காவலர் தலைவனாக இருந்தவன் பிரான்ட்னர். கொலைகளுக்கு உடந்தை என்று ஆறு ஆண்டு கொடுத்தார்கள். இரண்டரை ஆண்டில் வெளியே வந்து, நம் ஊரிலேயே கூரை ஓட்டு வியாபாரம் செய்து, போன வருஷம் தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தான்.

"சீக்கிரம் முடிச்சிடுவோம்," என்றார் டென்ஹாஃப். "இன்னிக்குக் கேன்டீன்ல பருப்பு சூப். பன்னெண்டு பத்துக்கு மேல போனா சாசேஜ் இருக்காது."

விஷயம் இதுதான். முடிந்து முப்பது ஆண்டு ஆன வழக்குக் கட்டுகளைக் காகித அரவைக்கு அனுப்பலாம் என்பது விதி. வியாழக்கிழமை லாரி வருகிறது. நிலவறையில் இடம் வேண்டும். கட்டுகளை அழிப்பதற்கான புதுப் படிவங்கள் பதினான்கு பெட்டி வந்திருக்கின்றன, அவற்றை வைக்க இடமில்லை. இந்த நேரம் பார்த்து இஸ்ரேலின் ஹைஃபா நகரிலிருந்து ஒரு கடிதம். அதை நான் வாசித்தேன்.

"ஐயா, 1951 மார்ச்சில் உங்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன். என் தம்பி மோட்டெலைப் பற்றிக் கேட்டார்கள். அவனுக்குப் புகைப்படம் இல்லை, பிறப்புச் சான்று இல்லை, கல்லறை இல்லை. அவனைப் பற்றி எழுதிய தாள் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதன் நகல் வேண்டும். என் மகனுக்கு அவன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். யார் அவன் என்று கேட்கிறான். இப்படிக்கு, ரிவ்கா ஸெல்மன்."

"ஒரு பக்கம்தானே," என்றார் பெல்ட்ஸர். "மெஷின்ல வெச்சு ஒரு அமுக்கு. முடிஞ்சது."

"முடியாது," என்றார் டென்ஹாஃப். "போன வாரமே அழிப்பு உத்தரவுல கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த நிமிஷத்துலேர்ந்து விதிப்படி இது வழக்குக் கட்டு இல்ல, பழைய பேப்பர். பழைய பேப்பருக்கு எப்படிங்க சான்று நகல் குடுக்கிறது?"

"சான்று இல்லாமக் குடுங்க."

"சான்று இல்லாத தாள் எதுவும் இந்த வாசலைத் தாண்டாது."

"சரி, அந்தப் பக்கத்தை நான் கோட்டுக்குள்ள வெச்சு..."

"அது திருட்டு, பெல்ட்ஸர்."

"பழைய பேப்பரைத் திருடினாக்கூடவா?"

டென்ஹாஃப் அஸ்முஸ் அம்மையாரைப் பார்த்தார். காப்பகம் எடுத்துக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி. அம்மையார் கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்ககிட்டயும் இடம் இல்லைங்க. எல்லாக் கட்டையும் எடுக்க முடியாதுன்னு மாதிரிக்கு மட்டும் எடுக்கிறோம். குற்றவாளியோட குடும்பப் பேர் 'எச்'ல ஆரம்பிச்சா எடுப்போம். இது 'பி'."

"அவன் அப்பன் யோசிச்சுப் பேர் வெச்சிருக்கணும்," என்றார் பெல்ட்ஸர். "ஏன் டாக்டரம்மா, 'எச்'ல பேர் இருந்தவன் செஞ்சதுதான் சரித்திரமா?"

"நான் வெச்ச விதி இல்ல அது," என்றார் அம்மையார். காது சிவந்துவிட்டது. "எனக்கும் பிடிக்கல. மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். அந்தக் கடிதங்களையும் யாரும் எடுத்து வெக்கலேன்னுதான் நினைக்கிறேன்."

மணி பதினொன்று ஐம்பது. "அப்போ வருத்தம் தெரிவிச்சு ஒரு பதில் போட்டுடுங்க, லூட்கே," என்று டென்ஹாஃப் பேனாவை மூடினார்.

நான் பதினோராம் தொகுதியை எடுத்து, அந்தப் பக்கத்தை வாசிக்க அனுமதி கேட்டேன். பழைய பேப்பரை வாசிக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. தட்டச்சு எழுத்துகள் மங்கியிருந்தன.

"கேள்வி: தம்பியின் வயது? சாட்சி: பன்னிரண்டு. சின்னப் பிள்ளைகளை வேறு பக்கம் பிரித்து அனுப்பினார்கள், அதனால் பதினாலு என்று சொல்லும்படி சொல்லிக்கொடுத்தேன். உயரமாகத் தெரிய ஷூவுக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்: எந்தச் செய்தித்தாள்? சாட்சி: தெரியாது. எதிர்த்தரப்பு: சாட்சிக்கு நினைவில்லை என்பதைப் பதிவு செய்யக் கோருகிறேன். பதிவு செய்யப்பட்டது. சாட்சி: அவன் நடந்தபோது சரசரவென்று சத்தம் வந்தது. வரிசையில் நின்றுகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம். அதையும் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யப்பட்டது."

தொகுதியை மூடாமல் மேசைமேல் வைத்தேன்.

"எந்தச் செய்தித்தாளாம்!" என்றார் பெல்ட்ஸர். "அந்த வக்கீல் இன்னும் உசிரோட இருக்கானா?"

"ஓய்வு வாங்கிட்டார்," என்றார் டென்ஹாஃப், யாரையும் பார்க்காமல். "லூட்கே, எனக்கும் மனசு இருக்கு. ஆனா விதிக்கு எதிரா நான் என்ன செய்ய முடியும்?"

விதிக்கு எதிராக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது எனக்கு வெள்ளிக்கிழமையிலிருந்தே தெரியும். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வாயைத் திறக்காமல் இருந்தேன். காரணம், அதைச் சொன்னால் போவது என் பெயர். எழுந்து முப்பத்தெட்டாம் தொகுதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேலாளர் முன் வைத்தேன்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல சார். அதுதான் விஷயம்."

எங்கள் ஊர் நீதிமன்றங்களில் தீர்ப்பு சொன்னதும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. நீதிபதி கடைசிப் பக்கத்தில் 'முடிந்தது, வைப்பறைக்கு' என்று எழுதித் தேதி போட வேண்டும். முப்பது ஆண்டுக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த வரி இல்லாவிட்டால் குற்றவாளி தண்டனையை அனுபவித்துச் செத்தே போனாலும் கட்டு உயிரோடுதான் இருக்கிறது என்று பொருள்.

டென்ஹாஃப் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்படின்னா..."

"வழக்கு நிலுவையில இருக்கு, சார். முப்பது வருஷமா."

"கொலை வழக்கு!" என்றார் அவர். முகம் வெளுத்துவிட்டது. "என் அலுவலகத்துல! முப்பது வருஷ நிலுவை! ஆறு மாசத்துக்கு ஒரு தரம் கட்டை எடுத்து நீதிபதி முன்னால வெச்சிருக்கணும். அறுபது தடவை தவறிப்போச்சு. ஆண்டறிக்கையில என்னன்னு எழுதுவேன்? எந்த மடையன் இதை அலமாரியில வெச்சது?"

"நான்தான் சார். 1951 ஜூன்ல, தீர்ப்புக்கு அப்புறம், நீதிபதி லீவுல போயிருந்தார். வந்ததும் அவர்கிட்ட வெக்கணும்னு தனியா எடுத்து வெச்சேன். நடுவுல என் கல்யாணம். திரும்பி வந்தப்ப மேசை சுத்தமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் அடுக்கிட்டேன்."

பெல்ட்ஸர் தொடையில் தட்டிச் சிரித்தார். "உங்க வீட்டு ஹில்டகார்ட் அம்மாவுக்கு இது தெரியுமா? அவங்களாலதான் ஒரு கொலை வழக்கு முடியாமக் கிடக்குதுன்னு?"

டென்ஹாஃப் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "இப்படிச் செஞ்சா என்ன... யாராவது ஒரு வரி எழுதி, 1951ன்னு பழைய தேதியைப் போட்டு..."

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றார் அஸ்முஸ் அம்மையார். "ஆவணத்துல பொய்த் தேதி. அதுவும் கொலை வழக்குல."

"நான் எதையும் கேக்கல," என்றார் பெல்ட்ஸர். "ஆனா எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

மணி பன்னிரண்டு இரண்டு. மேலாளரின் கண் கடிகாரத்துக்கும் வெற்றுப் பக்கத்துக்குமாக அலைந்தது. "அப்போ இன்னிக்கே முடிக்கணும். இன்னிக்குத் தேதியிலயே முடிக்கணும். ஆண்டறிக்கைக்கு முன்னாடி நிலுவைப் பட்டியலை விட்டு வெளியே போயிடணும். மேல ஓடுங்க, லூட்கே!"

"இன்னிக்கு முடிச்சா," என்றார் அம்மையார் மெதுவாக, "முப்பது வருஷம் இன்னிலேர்ந்துதான் ஆரம்பிக்கும். 2011 வரைக்கும் இதைத் தொட முடியாது."

"2011ல நான் இங்க இருக்க மாட்டேன்!" என்றார் டென்ஹாஃப். தன் அழிப்பு உத்தரவைத் தானே இரண்டாகக் கிழித்தார். "படிவப் பெட்டி எல்லாத்தையும் என் அறையிலயே வெச்சுக்கிறேன், போங்க."

மாடியில் நீதிபதி சாப்பிடக் கிளம்பிக் கோட்டின் ஒரு கையை மட்டும் போட்டிருந்தார். "1951ஆ? அப்ப நான் பள்ளிக்கூடத்துல இல்ல இருந்தேன்," என்றார். அந்த ஒரு கையாலேயே 'முடிந்தது, வைப்பறைக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வழக்குக் கட்டு மீண்டும் வழக்குக் கட்டாகிவிட்டது. சான்று நகல் கொடுக்கத் தடையில்லை. மேலாளர் சூப்புக்குப் போகுமுன் எனக்கான கண்டனக் கடிதத்தை, தான் சொல்லச் சொல்ல, என்னையே எழுத வைத்தார். 'கவனக்குறைவு' என்ற இடத்தில் அவர் தயங்கியதால், 'கடுமையான' என்ற சொல்லை நானே சேர்த்துக்கொண்டேன். என் பணிப்பதிவில் அதை இரண்டாம் பக்கத்தில் கோத்தேன். முதல் பக்கம் என் நியமன ஆணை. நடுவில் வேறு எதுவும் இல்லை.

பிறகு திருமதி ஸெல்மனுக்கு எழுதினேன். 'தங்கள் கடிதம் கிடைத்தது. கேட்ட பக்கத்தின் சான்று நகல் இத்துடன் உள்ளது. தாங்கள் சாட்சி சொன்ன வழக்கு இன்று நண்பகல் முடித்து வைக்கப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.' இதுவரை படிவத்தில் உள்ளதுதான். ஒரு வரியைக் கூடுதலாக எழுதினேன். 'மூலப் பக்கம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. தங்கள் மகன் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.' எழுதிய பிறகு மேலாளரின் அனுமதி கேட்க வேண்டுமா என்று யோசித்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நகலை மூன்றாக மடித்தேன். எழுத்தின் மேல் மடிப்பு விழாமல் பார்த்துக்கொண்டேன். உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, நீதிமன்ற முத்திரையை அழுத்தினேன். பெல்ட்ஸர் அதை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றரை மணிப் பதிவுத் தபாலில் சேர்க்க மிதிவண்டியை எடுத்தார்.