ஹாரன் அக்காவின் வாக்குமூலம்

"அழிடா அதை," என்றாள் அக்கா.

தொண்டையில் புற்றுநோய் வந்தபின் அவளிடம் குரல் இல்லை, காற்று மட்டும்தான். தம்பி அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டு உரக்கச் சொல்வான். கைபேசி அதை எழுத்தாக்கும். நடுவில் அவனாகக் கொஞ்சம் சேர்த்துவிடுவான்.

"எதைக்கா?"

"பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்னு போட்டியே, அதை. நான் எப்படா பணிஞ்சேன்? லீவு லெட்டரா எழுதறோம்?"

அழித்தான். ஈரப்பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தான் சிரித்தார்.

அக்கா பேருந்து ஓட்டியவள். ஜன்னலில் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகும் லாரி ஒதுங்கும். பணிமனையில் அவளுக்கு ஹாரன் என்றே பெயர். அவள் கூப்பிட்டுத்தான் தம்பி இந்த நாட்டுக்கு வந்து, அதே பணிமனையில் பேருந்து கழுவுகிறான். வேலை போனால் இங்கே தங்கும் பெர்மிட்டும் போகும்.

அன்று பிற்பகல் அரசின் சுகாதாரக் குழுவின் விசாரணை. ஒப்பந்தத் தொழிலாளி ஸ்கேன் எடுக்கக் கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதியை நீக்கச் சொல்லி அக்கா பேசப்போகிறாள்; எழுதியதைத் தம்பி பக்கத்தில் நின்று வாசிப்பான். சக்கர நாற்காலி வாசலில் தயாராக நின்றது.

"டாக்டர் பேரை மட்டும் விட்டுடலாமாக்கா? அவரும் வந்து உட்கார்ந்திருப்பாரு."

"மிட்டாய் குடுத்து அனுப்பினது அவர்தானே? பக்கத்து வீட்டுக்காரனா?"

பெயரைச் சேர்த்தான். முழுவதையும் வாசித்துக் காட்டினான். "சரியாக்கா?" என்று நிமிர்ந்தான்.

அத்தான் அவள் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்தினார். இத்தனை நாளும் அது போட்ட இரைச்சல் அப்போதுதான் தெரிந்தது.

உறவுக்காரர்களுக்குச் சொல்லி முடித்ததும் தம்பி மெல்ல ஆரம்பித்தான். "எழுதினதை அனுப்பிடறேன் அத்தான். ஃபைல்ல வெச்சுக்குவாங்க."

"அவளையா? ஃபைல்லயா?"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"அவ இனிமே எங்கயும் ஓடிடப் போறதில்ல. நான் பக்கத்துல இருக்கேன். போயிட்டு வா."

"வேலை போயிட்டா அத்தான்?"

"போனாலும் போகும். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

தம்பி முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினான்.

விசாரணை அறையில் முன்வரிசையில் டாக்டர். பின்வரிசையில், வண்டியை நிறுத்திவிட்டு சீருடையோடு வந்திருந்த ஓட்டுநர்கள்.

"நோயாளி வரலையா?" என்றார் எழுத்தர்.

"காலையில இறந்துட்டாங்க."

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "வருத்தமா இருக்கு தம்பி. எழுத்துல குடுத்துட்டுப் போங்களேன். நாங்க படிச்சுக்கறோம்."

"அவங்க பேசறதுக்குத்தான் நேரம் குடுத்தீங்க மேடம். அந்த நேரம் இருக்குல்ல?"

தலைவி டாக்டர் பக்கம் பார்த்தார். பிறகு, "படிங்க," என்றார்.

படித்தான்.

"தொண்டை கரகரன்னு இருக்குன்னு போனேன். பயணிகிட்ட கத்தறதைக் குறைன்னு சொல்லி மிட்டாய் குடுத்தார். மறுபடி போனேன். மறுபடி மிட்டாய். கல்யாண வீட்டுல கூட இத்தனை குடுத்ததில்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்து, சட்டென நிறுத்தினார்கள்.

"ரத்தம் துப்பினப்போதான் கையெழுத்து கிடைச்சது. அதுக்குள்ள கட்டி கழுத்து முழுக்கப் பரவிடுச்சு. என் தொண்டையைப் பாக்கலாமா வேண்டாமான்னு என் முதலாளியோட ஆள் ஏன் முடிவு பண்ணணும்? நான் கெஞ்ச வரல. அந்த விதியை எடுங்க."

டாக்டரின் பெயர் வந்த இடத்தில் அவன் நிமிர்ந்து பார்த்தே சொல்லியிருந்தான். டாக்டர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கைபேசியை இறக்கினான். எழுத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பதிவுக்காக, வாசிச்சவர் பேரு, வேலை செய்யற இடம். விருப்பமில்லன்னா சொல்ல வேண்டாம்."

தம்பி ஒலிவாங்கியை இன்னும் அருகில் இழுத்தான். பெயரைச் சொன்னான். பணிமனையைச் சொன்னான். எழுத்தரின் விரல்கள் ஓயும்வரை அங்கேயே நின்றான்.

"எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க சார்," என்றான்.