இன்னும் வராதவனின் தகப்பன்

பெண் பேரீச்சையின் பாளையைப் பிளந்து, ஆண்பூங்கொத்தை உள்ளே செருகி நாரால் கட்டும்போது மிஸ்ஹரின் புருவமும் மீசையும் மஞ்சளாகிவிடும். பஸ்ராவுக்குத் தெற்கே அந்தத் தோப்புகளில் அவன் கைபட்ட மரம் காய்க்காமல் போனதில்லை. அவன் வீட்டில்தான் பதினோரு வருடமாகத் தொட்டில் ஆடவில்லை.

பிள்ளையில்லாதவனையும் அங்கே பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அபூ காயிப். எங்கோ போயிருக்கிற, இன்னும் வந்து சேராதவனின் தகப்பன். ஊர் கூப்பிட்டுக் கூப்பிட்டு காயிப் ஓர் ஆளாகவே ஆகிவிட்டான். உச்சியில் ஓலை அசையும்போது, யாபா என்று அப்பனைக் கூப்பிடும் அந்தப் பிள்ளையின் குரல் மிஸ்ஹருக்குக் கேட்கும்.

"யாபா, மருந்து சாப்பிட்டியா?"

"உங்கம்மா விடுவாளாடா? விடிஞ்சதும் கரண்டியோட நிக்கிறா."

கரண்டியில் தேனில் குழைத்த பேரீச்சை மகரந்தம். மருந்துக்கடை ஹாஜி லஃப்தா கொடுத்தது. "இத சாப்பிட்டா கல்லும் கருத்தரிக்கும்" என்றிருந்தார் அவர். டாக்டர் கொடுத்தது துத்தநாக மாத்திரை ஒன்று, வைட்டமின் ஒன்று. அவர் அவ்வளவு தூரம் போகவில்லை. "மூணு மாசம் பாக்கலாம். உறுதி சொல்ல முடியாது. அப்புறம் மறுபடி விந்து பரிசோதனை."

மூன்று மாதம் முடிந்துவிட்டது. இரண்டு முறை நாள் குறித்தும், தோப்பில் வேலை என்று மிஸ்ஹர் போகவில்லை.

"ஏன் போகல, யாபா?"

"நீ வரவே மாட்டேன்னு அவங்க ஒரு காகிதத்துல எழுதிட்டா?"

மிஸ்ஹர் அடுத்த பாளையைப் பிளந்தான்.

அன்று மதியம் அவன் கயிற்றைத் தளர்த்தி இறங்கியபோது கீழே மனைவி பத்ரியா கோடாலியோடு நின்றாள். பக்கத்தில் அண்டைவீட்டு உம் சபாஹ், கையெல்லாம் மாவு. காய்க்காத மரத்தை ஒருவர் வெட்டப் போவதும், இன்னொருவர் ஜாமீன் நின்று தடுப்பதும் அங்கே வருடாவருடம் நடப்பதுதான். ஆனால் பத்ரியா மரத்தைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள்.

"பாருங்க உம் சபாஹ், இது காய்க்கல. வெட்டிடறேன்."

உம் சபாஹ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வேணாம் கண்ணு. இந்த வருஷம் விடு. நான் ஜாமீன்."

"உங்க ஜாமீன் செல்லாது. எத்தன சீசா தேன் குடிச்சிருக்கு தெரியுமா இது?"

மிஸ்ஹரும் சிரித்தான். பிறகு பத்ரியா சிரிக்காததையும், கோடாலி இன்னும் அவள் கையில் இருப்பதையும் பார்த்தான்.

"கீழ வை, பத்ரியா."

"ஜாமீன் யாரு?"

"நானே. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரேன்."

"நாளைக்கும் உச்சியில வேலை இருக்குமே?"

"இருக்காது." அவன் குரல் தாழ்ந்தது. "பிள்ளை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா?"

"குடுக்கட்டும். அந்தக் காகிதத்த நம்பியா நான் தேன் குழைச்சேன்? தெரியாமலே கிழவியாகறதுதான் எனக்கு முடியல."

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ், "மிஸ்ஹர் ஜப்பார்" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். வேறு யாரையோ கூப்பிடுவதுபோல அவன் உட்கார்ந்திருந்தான்.

"அபூ காயிப், உங்களத்தான்" என்றாள், சீட்டில் பிள்ளை இல்லை என்றிருந்ததைப் பார்த்த நர்ஸ்.

எழுந்து சின்னக் குப்பியை வாங்கிக்கொண்டான். சட்டைக் கையில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது. கதவருகே போனதும் திரும்பிப் பார்த்தான். அவன் எழுந்த நாற்காலிக்கு ஒரு பெரியவர் வந்து நின்றார். பத்ரியா அதை விட்டுக்கொடுத்தாள். அதற்கடுத்துக் காலியாக இருந்த நாற்காலியை அவர் மனைவி பார்த்தபோது மட்டும், பத்ரியா தன் கைப்பையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"ஆள் இருக்கு, இன்னும் வரல" என்றாள்.