நாலணா மகசூல்

கொக்குமடுவு கிராமத்துக் கர்ணம் ஆதிநாராயணனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த அழகான கையெழுத்தில் அவர் பத்து வருஷமாகப் பொய் எழுதி வந்தார். ஊருக்காகத்தான் எழுதினார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அவரைத் திட்டும்போது அது நினைவிருக்கட்டும்.

ஊர்க் கணக்கில் விளைச்சலை அணாவில் எழுதுவது அந்தக் கால வழக்கம். பதினாறணா என்றால் முழு மகசூல், நாலணா என்றால் கால் பங்கு. நாலணாவுக்கு இறங்கிவிட்டால் நஞ்சைத் தீர்வை வஜா ஆகிவிடும், கட்ட வேண்டியதில்லை. நாற்பத்தேழில் மழை பொய்த்து நிஜமாகவே நாலணாதான் விளைந்தது. அப்படியே எழுதினார், வஜாவும் வந்தது. அடுத்த வருஷம் ஏரி நிரம்பிப் பன்னிரண்டணா விளைந்தது. பெரிய பண்ணைக்காரர் முனிரத்தினம் ஊரையே கூட்டிக்கொண்டு வந்து கர்ணத்தின் வீட்டு வாசலில் நின்றார்.

"போன வருசம் துன்றதுக்கு ஒண்ணுமில்லாம கெடந்த ஊரு, கர்ணம். இந்த ஒரு வருசம் அதே நாலணாவப் போட்டுடு. கொழந்தைங்க கொஞ்சம் தேறட்டும்."

ஆதிநாராயணன் போட்டார். அதற்கடுத்த வருஷம் ஏற்ற முடியவில்லை. நாலிலிருந்து ஒரேயடியாகப் பன்னிரண்டுக்குத் தாவினால் மேலே இருப்பவன் ஏன் என்று கேட்பானே. ஆகவே நாலும் மூன்றே முக்காலுமாகக் கணக்கு ஓடியது. சோதனைக்கு வரும் அதிகாரியின் கண்ணுக்காக, பஸ் ரோட்டோரம் நாலு கழனிக்கு மட்டும் தண்ணீர் விடாமல் காயப் போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு வீடு என்று அதற்கு முறை உண்டு. காயப் போட்டவனுக்கு மற்றவர்கள் களத்திலேயே நெல் அளந்து ஈடு கட்டுவார்கள். இத்தனை ஒற்றுமையாக அந்த ஊர் வேறெதற்கும் நின்றதில்லை.

பிறகு எல்லைத் தகராறு வந்தது. ஆந்திரா தனி ராஜ்யமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. புத்தூர் தாலுக்காவின் தென்கோடியில் இருந்த கொக்குமடுவு ஆந்திராவிலேயே இருக்குமா, மதராஸுக்குப் போகுமா என்பது பேச்சு. தெற்கே அடுத்த ஊர் புங்கந்தாங்கல் மதராஸுக்குப் போவது அநேகமாக நிச்சயம் என்றார்கள். கொக்குமடுவு ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் தலை அந்தப் புங்கந்தாங்கலில்தான் இருந்தது. வருஷா வருஷம் இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்துதான் அதைத் தூர் வாருவார்கள். நடுவில் ராஜ்ய எல்லை விழுந்தால், மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போக யாரிடம் போய்க் கேட்பது? கால்வாய் தூர்ந்தால் ஏரி போச்சு, ஏரி போனால் ஊர் போச்சு. புங்கந்தாங்கலோடு சேர்ந்து தாங்களும் மதராஸுக்கே போய்விட வேண்டும் என்று ஊரே கலங்கிப் போயிருந்தது.

மொழியைக் காட்டி வாதாட வழியில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டையில் இரண்டும் என்று இருக்கும் ஊரில் ஆள் கணக்கு சரிபாதியாக நின்றது. பொருளாதாரத்தைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும் என்றார் பள்ளிக்கூட வாத்தியார் கோவர்த்தனன். வேலூர்க்காரர், ஊருக்கு வந்து இரண்டே வருஷம், புள்ளிவிவரம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாத மனுஷர். இரண்டு ராஜ்யங்களும் வெளியிட்ட பயிர் அறிக்கைகளை வாங்கி, ஏக்கருக்கு எத்தனை நெல், எத்தனை மோட்டார் பம்பு, எத்தனை மைல் ரயில் என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டு எழுதினார். கடைசிப் பக்கம்தான் அவருடைய பிரம்மாஸ்திரம். கொக்குமடுவையும் புங்கந்தாங்கலையும் அருகருகே வைத்து, ஒரே தண்ணீர், ஒரே மண், ஒரே சந்தை, பிரிக்கக் கூடாது என்று நிரூபிப்பது. அதற்கு வேண்டிய விளைச்சல் கணக்கை அவர் கர்ணத்திடம் கேட்கவில்லை. சர்க்கார் முத்திரை இருந்தால்தான் எடுபடும் என்று நேரே மேலிடத்துக்கு எழுதி, அத்தாட்சி நகலுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஊர் ரகசியம் அவருக்குத் தெரியாது. தங்களுக்காக வாதாடப் போகிறவரிடமே ஊர் அதை மறைத்து வைத்திருந்தது.

எல்லை விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம், திருப்பதியில் மனுவை அச்சடிக்கும் பிரஸ்ஸில்தான் ஆதிநாராயணன் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். புங்கந்தாங்கல்: பன்னிரண்டு, பதினொன்று, பதின்மூன்று. கொக்குமடுவு: நாலு, நாலு, மூன்றே முக்கால். பத்து வருஷமும் அப்படித்தான். மை ஈரம் காயாத தாளில் அவர் பொய் வரிசையாக நின்றது.

"கர்ணம் சார், இது என்ன?" கோவர்த்தனன் தாளை அவர் முன்னால் நீட்டினார். "நகல் இன்னைக்குக் காலையிலதான் கைக்கு வந்தது. ஒரே கால்வாய்த் தண்ணி. அங்க பன்னிரண்டு, இங்க நாலா?"

"இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க சார்."

"எப்படி எடுக்கிறது? விசாரணை அதிகாரிக்கே நேரா ஒரு நகல் போயிடுச்சு. நான்தான் கேட்டு அனுப்ப வெச்சேன்."

ஆதிநாராயணன் அப்படியே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கூட வந்திருந்த முனிரத்தினம் அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். தெருவில் மொட்டைத் தலைகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன.

"வாயத் தொறக்காத கர்ணம். நெசத்தச் சொன்னா பத்து வருச வஜாவையும் திருப்பிக் கேப்பான். ஊரே கோமணத்தோட நிக்கும். உன்னையும் உள்ள தள்ளுவான்."

"சொல்லலன்னா ஏரி போவும் மாமா."

"ஏரி போவும்போது பாத்துக்கலாம்."

அந்த வார்த்தைதான் அவரை அறுத்தது. பத்து வருஷத்துக்கு முன்னாலும் இதே ஆள் இப்படித்தான் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் என்று சொன்னார். அதற்குத் தலையாட்டியவரும் தாம்தானே என்று நினைக்கையில் ஆதிநாராயணனுக்குத் தம்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் சித்தூரில் விசாரணை. அதிகாரி மரியாதையான மனுஷர், அதட்டிப் பேசவில்லை. எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தெலுங்கில் நிதானமாகவே கேட்டார். இரண்டு ராஜ்யங்களையும் ஒப்பிட்ட பக்கங்களைப் புரட்டி, நல்ல உழைப்பு என்று வாத்தியாரைப் பாராட்டக்கூடச் செய்தார். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"ஒரே கால்வாய் என்கிறீர்கள். அந்த ஊரில் பன்னிரண்டணா, உங்கள் ஊரில் நாலணா. ஒரு வருஷமாவது மாறியிருக்கிறதா? உங்கள் ஊருக்குத் தண்ணீரே வருவதில்லை என்றுதானே இந்தக் கணக்கு சொல்கிறது? வராத தண்ணீருக்கு எல்லை எங்கே விழுந்தால் என்ன?"

கோவர்த்தனன் தம் கையிலிருந்த மனுவை மடித்து வைத்தார். முனிரத்தினம் தரையைப் பார்த்தார். ஆதிநாராயணன் எழுந்தார்.

"அந்தக் கணக்கு பொய்யிங்க. எழுதினவன் நான்தான். தண்ணி வருது. பன்னிரண்டணா வெளையுது."

பின்னாலிருந்து முனிரத்தினம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. சாட்சிக்கு வந்திருந்த நாகையாவைக் கைகாட்டினார். நாகையா ஏரி மதகைத் திறந்து மூடித் தண்ணீர் பாய்ச்சுகிறவன். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது.

"இவனுக்கு நெல்லுலதாங்க கூலி. வெளையறதுக்குத் தக்கபடி களத்துல அளந்து குடுப்போம். இவனைக் கேளுங்க, பொய் சொல்லமாட்டான்."

நாகையா கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "நாப்பத்தேழுல காஞ்சப்ப எனக்கு நாலு மூட்டை வந்துச்சு சாமி. போன வருசம் பன்னெண்டு மூட்டை. வருசா வருசம் அப்பிடித்தான் வந்துக்கினு கீது."

பத்து வருஷத்தில் அந்த ஊரைப் பற்றிச் சொல்லப்பட்ட உண்மையான புள்ளிவிவரம் அது ஒன்றுதான்.

"இதற்கு ரசீது உண்டா?" என்றார் அதிகாரி.

"களத்துல அள்ளிப் போடறதுக்கு யாரு சாமி ரசீது குடுப்பாங்க?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். "கர்ணம்காரு, பத்து வருஷம் கையெழுத்துப் போட்டுச் சொன்னதும் நீங்கள்தான். இன்று அதைப் பொய் என்பதும் நீங்கள்தான். ஊருக்கு வஜா வேண்டியபோது ஒன்று, ஏரி வேண்டியபோது ஒன்று. நான் எந்தக் கர்ணத்தை நம்புவது?" என்றவர் குமாஸ்தாவிடம் திரும்பி ஒரு வாக்கியம் சொன்னார். கொக்குமடுவுக் கணக்கில் நாலணா என்பது உண்மையில் பன்னிரண்டணா என்று கர்ணமே ஒப்புக்கொண்டார், ஆகவே இந்த ஊரின் பொருளாதார விவரங்கள் எதுவும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆதிநாராயணன் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

வேலை போயிற்று. வஜாவைத் திருப்பிக் கேட்டு ஊருக்கு நோட்டீஸ் வந்தது. முனிரத்தினம் அவர் வீட்டுப் பக்கமே வருவதை நிறுத்தினார், மற்றவர்கள் வந்தார்கள், திட்டுவதற்கு. நிஜத்தைச் சொல்லியும் ஊரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அவர் அழுததை நாகையா மட்டும் பார்த்தான். அறுபதில் எல்லை விழுந்தது. புங்கந்தாங்கல் மதராஸ், கொக்குமடுவு ஆந்திரா.

கால்வாயை இரண்டு வருஷம் யாரும் தொடவில்லை. இவர்கள் மண்வெட்டியோடு போனார்கள், அங்கே உத்தரவு கொண்டுவா என்றார்கள். எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை. தலைமடையில் கோரை முளைத்தது. அறுபத்திரண்டில் மழையும் பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது. புதுக் கர்ணம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நாலணா என்று எழுதினார். நாலணாகூட அதிகம்தான்.

சோதனைக்கு வந்த அதிகாரியின் ஜீப் பஸ் ரோட்டில் நின்றது. ஓரத்தில் நாலு கழனி காய்ந்து கிடந்தது. அவர் இறங்கவில்லை. சித்தூரிலிருந்து கொண்டுவந்த பழைய ஃபைலைத் திறந்து, தேடி, சிரித்தார்.

"ரோட்டோரம் காயப் போடுவீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஊரில் நாலணா என்றால் பன்னிரண்டணா. உங்கள் பழைய கர்ணமே எழுதிக் கொடுத்திருக்கிறாரே."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆதிநாராயணன் முன்னால் வந்து ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க அந்தக் கர்ணம். இப்ப நெசமாவே காஞ்சிருக்கு. எறங்கி உள்ள வந்து பாருங்க. பத்தடி வாங்க, ஏரி தெரியும்."

"நீங்கள்தானா அவர்?" என்று அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். டிரைவரின் தோளைத் தட்டினார்.

ஜீப் நகர்ந்தது. கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே ஓடினார், பிறகு விழுந்தார். நாகையா ஓடிவந்து தூக்கினான். முழங்காலில் ரத்தம் வழிந்தது.

"உடு சாமி, ரோட்டோரக் கழனிய மட்டும் பாத்துட்டுப் போறாங்க" என்றான் நாகையா. அந்த வருஷம் காயப் போடுவது எந்த வீட்டு முறை என்று ஊரில் யாரும் கேட்டிருக்கவில்லை.