மிஸஸ் பெட்டிஃபர் வீட்டு ஓப்பல்

மிஸஸ் பெட்டிஃபரின் கூடத்து ஜன்னலும் என் தொப்பிக் கடை ஜன்னலும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும். அது என் குற்றமல்ல. ஷ்ரூஸ்பரியில் எங்கள் தெருவைக் கட்டியவர்கள் அப்படிக் கட்டிவிட்டார்கள். அதனால் மோதிரக் கடை ஜோப் ஹார்கிரேவ் வாரத்துக்கு மூன்று முறை அந்த வீட்டுக் கடிகாரத்தைச் சரிபார்க்க வருவதும், அது ஒரு நாளும் கெட்டுப்போனதே இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் பார்க்க வந்தது அந்த அம்மாளின் தம்பி மகள் கிளெமென்சியை.

பெப்ரவரியில் ஹார்கிரேவ் முறைப்படி பெண் கேட்டார். திங்கட்கிழமை தேநீருக்கு வரச்சொல்லிப் பதில் சொல்வதாக மிஸஸ் பெட்டிஃபர் தெரிவித்தார். இடையில், காலமான கணவர் ஹங்கேரியிலிருந்து வாங்கிவந்த ஓப்பல் மோதிரத்தில் கல்லைப் பிடிக்கும் நகம் ஒன்று தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஹார்கிரேவிடமே கொடுத்தார். கிளெமென்சியின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த மோதிரம் அது. வெள்ளிக்கிழமை சரியாகிவந்தது. நானே போய்ப் பார்த்தேன். பாலில் நெருப்புப் பொறி விழுந்ததுபோல் பச்சையும் சிவப்புமாக மின்னியது.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு நான் அங்கே விருந்தாளி. மரியாதைக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். ஆனால் மிஸஸ் பெட்டிஃபர் நகைப்பெட்டியைத் திறந்ததும் எழுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. கல்லில் நிறமே இல்லை. ஜன்னல் கண்ணாடித் துண்டு மாதிரி, அடியிலிருந்த தங்கம்கூடத் தெரிந்தது.

"இது என் கல்லே இல்ல! மாத்திட்டான் அந்த ஆளு!"

"அத்தை, அவர் அப்படிப்பட்டவர் இல்ல," என்றாள் கிளெமென்சி.

"நீ சும்மாயிரு. உன் கண்ணுக்கு அவன் கடிகாரமே சாமியாத் தெரியுது. போலீஸைக் கூப்பிடப் போறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறட்டும் பாக்கலாம்!"

அந்த நேரம் பார்த்துத்தான் ஹார்கிரேவ் கையில் ஹையசிந்த் பூந்தொட்டியோடு வந்து நின்றார். பாவம், பெண் கிடைக்குமென்று வந்தவருக்குத் திருட்டுப் பட்டம் கிடைத்தது. மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஜின் வாசனை. வெறும் வாசனையா, சந்தையில் சாராயக்காரனே வந்து நின்ற மாதிரி!

நகையை ஜின்னில் ஊறவைத்தால் பளபளக்கும் என்று எங்கள் ஊரில் பாதி வீடுகளில் செய்வதுதான். ஆனால் மிஸஸ் பெட்டிஃபர் எங்கள் ஊர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவி. பாதிரியார் முன்னால், ஒரு சொட்டு மதுகூடத் தன் வீட்டு வாசல் தாண்டாது என்று கையெழுத்துப் போட்டவர். அந்த அம்மாளின் காது நுனி வரை சிவந்ததை நான் பார்த்தேன்.

"இதை எதுலயாவது ஊறவெச்சீங்களா?" என்று கேட்டார் ஹார்கிரேவ்.

"நானா? எதுலயும் இல்ல."

ஹார்கிரேவ் நிமிர்ந்து அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். 'ஜின்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்திருக்கலாம்; சங்கத் தலைவியின் பெயர் மறுநாளே ஊர் சிரிக்கப் போயிருக்கும், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறென்ன நடக்கும்?

"அப்போ தப்பு என் கடையிலதான்," என்றார் அவர். "கழுவுற தொட்டியில விட்டிருப்பேன். சில ஓப்பல் ஈரத்தைக் குடிச்சா கண்ணாடியாயிடும். மூணு நாள் காத்தாட வெச்சா நிறம் திரும்பிடும். வியாழக்கிழமை திரும்பலேன்னா நானே போலீஸ்கிட்ட போறேன், மேடம்."

கைவேலைக்காரன் தன் கை தவறியதாகத் தானே சொல்வது சின்ன விஷயமில்லை. ஊரில் ஒருவரும் மோதிரம் கொடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை அந்தக் கல் மின்னியதை நானே பார்த்தவள்; எனக்கு நாக்கு அரித்தது. ஆனால் அவரே மென்று விழுங்கியதை நான் எப்படித் துப்புவது?

மூன்று நாளும் என் கடையில் ஒரு தொப்பிகூட ஒழுங்காகத் தைக்கவில்லை. மோதிரம் கூடத்து ஜன்னல் பலகையில் கிடந்தது. கிளெமென்சி மணிக்கொரு தடவை வந்து குனிந்து பார்த்தாள். புதன்கிழமை ஓரத்தில் பால் நிறம் படர்ந்தது. வியாழன் காலையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். நான் ஊசியோடு தெருவைக் கடந்து ஓடினேன்.

பச்சை, சிவப்பு எல்லாம் அப்படியே இருந்தன. ஹார்கிரேவை வரவழைத்தார்கள். மிஸஸ் பெட்டிஃபர் தொண்டையைச் செருமினார்.

"திங்கட்கிழமை உங்களுக்கு மூக்கு நல்லாத்தானே வேலை செஞ்சுது?"

"அன்னைக்கு எனக்குச் சளி, மேடம்."

"பொய் சொல்றீங்க."

"ஆமா."

அந்த அம்மாள் இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் முன்னால் சிரித்தார். "ஊரெல்லாம் உங்களைக் கைதவறினவர்னு பேச விடமாட்டேன். ஜின்ல ஊறவெச்சது நான்தான்னு சங்கத்துல நானே சொல்லிடறேன். டோர்காஸ், நீங்க முந்திக்காதீங்க!"

"நானா! நான் எப்போ பேசியிருக்கேன்?" என்றேன்.

கிளெமென்சி சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. மிஸஸ் பெட்டிஃபர் மோதிரத்தை எடுத்து ஹார்கிரேவின் உள்ளங்கையில் வைத்து, "போடுங்க, அவ விரலுக்குச் சரியா இருக்கான்னு பாப்போம்," என்றார். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. இருந்தும் அன்று மாலை வரை கிளெமென்சி அதைக் கழற்றவில்லை. மூடிய விரல்களோடே எங்களுக்குத் தேநீர் ஊற்றினாள்.