சோப்பு மறந்த கழுவுநீர்

1

“அப்பா, எது அழுக்கு, எது நான்னு சோப்புக்கு எப்படித் தெரியும்?”

குளியல் தொட்டியிலிருந்து என் மகள் லில்லா கேட்டாள். இந்தக் கதை அங்கே பிறந்தது. செகெட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக எனக்குச் சம்பளமே அந்தக் கேள்விக்காகத்தான். வெயிலைச் சாப்பிட்டு வாழும் ஊதா பாக்டீரியாவின் சவ்விலிருந்து, ஒளியைப் பிடிக்கும் புரதத்தைச் சோப்பு போட்டு உருவுகிறோம். முரட்டுச் சோப்பு என்றால் புரதம் குலைந்து நிறம் போய்விடும். சாதுவான சோப்பு அதற்குச் சட்டையாகச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சட்டையைக் கழற்றினாலோ, புரதம் கட்டிதட்டிச் செத்துப்போகும்.

“சோப்புக்கு எல்லாம் தெரியும். கண்ணை மூடு,” என்றேன். விஞ்ஞானி.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘வில்மாவின் கவனக்குறைவால் ஒன்பது வார உழைப்பு...’ (அடித்துவிட்டேன். எங்கள் கூடத்து இளம் ஆய்வாளர் வில்மா கவனக்குறைவானவள் என்றால் எங்கள் பாதிரியார் சூதாடி.)

இரண்டாவது: ‘பொறாமை பிடித்த பர்னா...’ (அடுத்த மேசைக்காரன். அவனுக்குப் பேசவே நேரம் போதவில்லை. பொறாமைக்கு ஏது?)

நடந்தது இதுதான். புதன்கிழமை பர்னாவின் பெயர்நாள், அதாவது நாட்காட்டியில் அவன் பெயர் போட்டிருக்கும் நாள். பெயர்நாள்காரர்தான் விருந்து வைக்கவேண்டும்: தட்டு நிறையப் பொகாச்சா என்னும் உப்பு ரொட்டி, காலை பத்து மணிக்கே பிளம் சாராயம்.

“குடிக்கலைன்னா என் பேருக்கே அவமானம்ணே!”

நான் தேவாலயப் பாடகன். ஒரு கோப்பையோடு நிறுத்துகிறவன். (மூன்று.) பிறகு போய், புரதத்தைக் கழுவ எல்லோரும் எடுக்கும், சாதுவான சோப்பு சேரவேண்டிய கழுவுநீரைக் கலந்தேன்.

வெள்ளிக்கிழமை வில்மா அதை, புரதத்தை வடித்துப் பிரிக்கும் தன் வடிகுழாயில் ஊற்றினாள். இறங்கவேண்டிய ஊதா வளையம் பாதியில் உறைந்து நின்றது. அந்தப் புரத மாதிரி திங்களன்று ஹாம்பர்க் ஆய்வகத்துக்குப் போகாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

“என்ன வில்மா, பிளம் ஜாம் கிண்டுறியா?” என்றான் பர்னா.

“நீ கொஞ்சம் சும்மா இருடா. அண்ணே, நீங்க கலந்த தண்ணில சோப்பு இருந்துச்சுல்ல?”

“இல்லாமலா?” என்றேன்.

“அப்ப நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன்.”

வேதாகமத்தில் சீடன் மறுதலித்ததும் கூவியதுபோல் சேவல் எதுவும் கூவவில்லை. ஆய்வுக்கூடத்தில் சேவல் வளர்ப்பதில்லை. அவள் போனபின் புட்டியைக் குலுக்கினேன். ஒரு நுரைகூட எழவில்லை.

3

ஒரு முடிவு: எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்கிறேன், வில்மா மன்னிக்கிறாள், பர்னாகூட அழுகிறான். இந்த முடிவில் நான் மிக அழகாகத் தெரிகிறேன். ஆகவே நம்பாதீர்கள்.

இன்னொன்று: கடவுள் பார்த்துக்கொள்கிறார். (அவருக்குக் கழுவுநீர் கலக்கும் வேலை வேறா?)

4

ஞாயிறு திருப்பலி நேரம் நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். பாடகர் குழுவில் ஒரு குரல் குறைந்தது. பாட்டு மேம்பட்டதாகக் கேள்வி. என் சொந்தக் கட்டுரைக்காக இரண்டு ஆண்டுகளாக உறைபெட்டியில் பொத்திவைத்திருந்த பாக்டீரியா சவ்வை எடுத்தேன், முழுவதையும். சோப்பு போட்டு அதிலிருந்து உருவிய புரதத்தைச் சிறு குழாயில் அடைத்து வில்மாவின் அடுக்கில் வைத்தேன். மேலே ஒரு சீட்டு: ‘இது என் சேமிப்பிலிருந்து எடுத்தது. சோப்பு போட மறந்தது நான். நீ சொதப்பவில்லை.’

திங்கட்கிழமை அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சாதகமாக எழுதவேண்டாம்.

நான் எழுதுவது இவ்வளவுதான்: அந்த ஞாயிறு ஆளில்லாத கூடத்தில், ஊதா வளையம் இறங்குவதற்கு முன், புதுக் கழுவுநீர்ப் புட்டியைக் குலுக்கிப் பார்த்தேன்.

நுரைத்தது.