வேலி வந்தால்தான் அடுப்பு எரியும்

“அடுப்பு பத்தலையா? எப்படிப் பத்தும் அத்தை? ரெகுலேட்டர் இங்க என் கையில இருக்கே!”

கூடத்தில் நின்றபடி அக்கா இதைச் சொன்னபோது, அவள் மாமியார் சமையலறையில் லைட்டரை டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் பிடி வைத்த பாத்திரத்தில் பால். கூடத்தில் தேநீருக்குக் காத்திருந்தவர் மாமியாரின் அக்கா, எங்களுக்குப் பெரியத்தை. மாமா, அதாவது அக்காவின் கணவர், எந்தப் பக்கம் சேர்வதென்று தெரியாமல் கைபேசிக்குள் தலையை விட்டிருந்தார்.

எல்லாம் ஒரு வேலியால் வந்த வினை. அந்த வேலியைச் செய்தவள் நான்!

அக்கா மகனுக்கு ஒன்றரை வயது. துறுதுறுவென்று ஓடுவதால் வீட்டில் அவன் பெயர் சுண்டெலி. அதற்கு முந்தின வாரம் எரிகிற அடுப்புக்குக் கீழே எம்பி எம்பி நின்று பாத்திரத்தின் பிடியைத் தொடப் போனான். அக்கா ஒரே தாவலில் தூக்கிவிட்டாள். மற்றவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். அவள் பிள்ளையை மாமாவிடம் கொடுத்துவிட்டு, அவன் நின்ற இடத்திலேயே மண்டியிட்டு அண்ணாந்து பார்த்தாள். என்னையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“நெருப்பு தெரியுதாடி?”

“இல்லக்கா.”

“பின்ன என்ன தெரியுது?”

“பிடி மட்டும்தான். வா, இழுன்னு கூப்பிடுற மாதிரி நீட்டிட்டு இருக்கு.”

“அவனுக்கும் அதான்டி தெரியுது.”

நான் மரப்பட்டறையில் வேலை பழகுகிறவள். விடுவேனா? சுண்டெலியின் பழைய கட்டிலில் ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றி, கீல் வைத்து, அவனுக்கு எட்டாத உயரத்தில் கொக்கி போட்டு, சமையலறை வாசலில் மாட்டினேன். அழகான வேலி! அத்தைக்குத்தான் ஆகவில்லை.

“இது வீடா, ஆட்டுப்பட்டியா? நானும்தான் பிள்ளைங்கள வளர்த்தேன். எவனுக்காவது வேலி கட்டுனேனா?”

“உங்க மகன் கையில இருக்கிற தழும்பு எதுனால வந்தது அத்தை?”

“அது… ஏதோ சின்ன வயசுல…”

“வெந்நீர் கொட்டினதுன்னு அவரே சொன்னாரு.”

மாமா சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

அன்று பெரியத்தை வருகிறார் என்றதும், “எங்கக்கா பாத்தா சிரிப்பா. ஒரு நாள்தானே, கழட்டுடா” என்றார் அத்தை. மாமாவும் வேலியைக் கீலிலிருந்து தூக்கி பீரோவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். அக்கா சத்தம் போடவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

லைட்டரும் கையுமாக அத்தை கூடத்துக்கு வந்தார்.

“வந்தவங்க முன்னாடி என்னடி இது? குடு அத!”

“வேலி வரட்டும், தரேன்.”

“என்ன திமிரு பாரு!”

“ஆமா அத்தை, திமிருதான்.”

“அது இருக்கட்டும், எனக்கு டீ வருமா வராதா?” என்றார் பெரியத்தை.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். என் காலடியில் அளவு நாடாவை இழுத்து விளையாடிக்கொண்டிருந்த சுண்டெலி எப்போது நழுவினான் என்று சத்தியமாகத் தெரியாது.

சமையலறையில் ‘டமால்’ என்றது.

ஓடினோம். பாத்திரம் ஒரு மூலையில் உருண்டுகொண்டிருந்தது. தலைமுதல் கால்வரை பால் வழிய, தரையில் சுண்டெலி. சத்தத்துக்குப் பயந்து அழப்போனவன், உதட்டை நக்கிப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் தரைப் பாலைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

அத்தை கையிலிருந்த லைட்டரைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

“பால் பூரா போச்சே…” என்றார் கடைசியில்.

“பால்தானே அத்தை போச்சு” என்றாள் அக்கா, அவனை அள்ளிக்கொண்டு.

திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். வேலியைச் சுமந்துகொண்டு வந்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

“ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்கியா?” என்று என்னிடம் கேட்டார். “இனிமே யாரும் தூக்கி எடுக்க முடியாதபடி முடுக்கணும். நானும்தான்.”

கொக்கி மாட்டிய பிறகுதான் அக்கா ரெகுலேட்டரைப் பொருத்தப் போனாள். அதுவரை கல்லாட்டம் நின்றவளுக்கு அது முதல் தடவை பொருந்தவே இல்லை. பெரியத்தை பாலில்லாத தேநீரை முகம் சுளிக்காமல் குடித்தார்.

அத்தை இப்போது கொக்கியைத் திறந்துதான் உள்ளே போகிறார், மறக்காமல் மாட்டியும் விடுகிறார். ஆனாலும், “வேலி சரி. விருந்தாளி முன்னாடி அடுப்ப நிறுத்தினது மட்டும் அதிகம்” என்கிறார். அன்று நிறுத்தாமல் இருந்திருந்தால்? என்கிறேன் நான். நீங்களே சொல்லுங்கள், அக்கா செய்தது அதிகமா?