பெகுவுக்கு ஆடு வாங்கப் போன பெரியவன்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவளே, நீயும் உள்ளே வா. கால் கடுக்கப் போகிறது. இன்றைக்கு ஓர் ஆட்டின் கதை. வேதத்துக்குள் எந்தக் காலத்திலோ நுழைந்த ஆடு, தொண்ணூற்று நாலாம் வருஷம் யாங்கோனில் வந்து நின்ற கதை. இதைக் கேட்டுவிட்டு உங்களில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் என்னைக் கேளுங்கள்.

யாங்கோனின் பபேடான் கடைத்தெருவில் பொத்தான் கடை வைத்திருந்த தனபாக்கியத்துக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் அப்பாசாமி, சின்னவன் செல்லக்கண்ணு. கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், வீடு பஸ் தூரத்துத் தின்கன்ஜூனில். புருஷன் தேவசகாயத்துக்குக் கண்ணில் புரை விழுந்து, நீலப் பொத்தானும் கறுப்புப் பொத்தானும் ஒன்றாகிப் போயிருந்தன. கடைச் சாவியை ஒரு பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டிய நேரம். அந்த வீட்டில் சாவி கைமாறுவதென்றால் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி, கறிச்சோறு ஆக்கிப் போட்டுத்தான்.

தேவசகாயம் பெரியவனுக்கே என்றார். தனபாக்கியத்துக்குச் சின்னவன் மேல்தான் மனசு. அவனுக்கு வியாபார மூளை. பெரியவனோ கடைக்கு வந்தவர்களோடு பேசிப் பேசி, அவர்கள் எதை வாங்க வந்தார்கள் என்பதையே மறக்கடித்துவிடுவான். நச்சரித்து நச்சரித்துப் புருஷனைச் சம்மதிக்க வைத்தாள். பெரியவன் கண்ணெதிரே எப்படிச் செய்வது? அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும், விருந்துக்கு நல்ல ஆடாகப் பிடித்து வா என்று அவனைத் தூரத்துப் பெகு ஊருக்கு அனுப்பிவைத்தாள். அவன் திரும்புவதற்குள் காரியம் முடிந்திருக்கும். வந்து என்ன செய்வான்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அப்புறம் சரியாகிவிடுவான்.

கறி ஆக்கப் பெரிய தேக்சா ஒன்று இரவல் கேட்கக் கடைக்கு எதிர்வீட்டு மோசெல்லிடம் போனாள். மோசெல் யூதப் பெண், தனபாக்கியத்தின் வயதுதான்; ஊர் மரியாதைக்குப் பெயரோடு ‘மா’ சேர்த்துத்தான் கூப்பிடுவாள் தனபாக்கியம். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“எங்க வேத முறைப்படி எங்க வீட்டுக் கறிச் சட்டி அடுத்த அடுப்பு ஏறக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா, தனம்? என்ன விருந்து, அதைச் சொல்லு முதல்ல.”

தனபாக்கியம் ஒன்றையும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னாள். வேதமே சின்னவன் பக்கம்தானே, மா மோசெல்? காயீன் இருக்க அவன் தம்பி ஆபேலின் காணிக்கை பிடித்தது. ஏசா இருக்க அவன் தம்பி யாக்கோபுக்கு ஆசீர்வாதம் போனது. அண்ணன்மார் அத்தனை பேர் இருக்க யோசேப்பு ராஜாங்கம் பண்ணினான்.

மோசெல் சிரித்தாள். எங்கள் வேத உரையாசிரியர்களும் இப்படித்தான் தேடுவார்கள் என்றாள். ஒரு கதையில் பார்த்த பொத்தான் இன்னொரு கதையில் கிடந்தால், அது எந்தச் சட்டையிலிருந்து விழுந்தது என்று கேட்காமல் விடமாட்டார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“பெரியவன் இப்ப எங்க?”

“பெகுல.”

“எதுக்கு?”

“ஆடு வாங்க.”

“உன் வீட்டுக்காரருக்குக் கண்ணு எப்படி?”

தனபாக்கியத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண் மங்கிய தகப்பன் ஈசாக்கு. வேட்டைக்குப் போன பெரியவன் ஏசா. ஆட்டுக்குட்டியின் தோலைச் சின்னவன் கையில் சுற்றி, கையெல்லாம் ரோமமான பெரியவன் இவன்தான் என்று தகப்பன் முன்னால் அனுப்பின தாய் ரெபெக்காள். எத்தனையோ ஞாயிறு கேட்ட கதை. அதற்குள் தானே நிற்பதை இப்போதுதான் பார்த்தாள்.

மோசெல்லுக்கும் உற்சாகம் பற்றிக்கொண்டது. ஆட்டுத்தோலால் தகப்பனை ஏமாற்றினவனைப் பின்னாளில் அவன் பிள்ளைகள் எதைக் காட்டி ஏமாற்றினார்கள்? யோசேப்பின் அங்கியை எதில் தோய்த்தார்கள்? ஆட்டு ரத்தத்தில், மிருகம் தின்றுவிட்டது என்று காட்ட. அதே ஆடு, தனம், வீடு தேடித் திரும்பி வந்தது!

“அந்தத் தாய்?” என்றாள் தனபாக்கியம்.

“அண்ணன் கோபம் ஆறுற வரைக்கும் கொஞ்ச நாள் மாமன் வீட்டுல இருன்னு மகனை அனுப்பினா. அதுக்கப்புறம் அவ மகன் முகத்தைப் பார்த்ததா ஒரு வரி இல்லை. அவ செத்ததைக்கூட வெளிப்படையாச் சொல்லலை. எங்க பெரியவங்க தேடித் தேடிப் பார்த்தாங்க.”

பிறகு கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். யாக்கோபு கிழவனாகி அவனுக்கும் கண் மங்கியது. யோசேப்பின் பிள்ளைகள் மனாசே, எப்பிராயீம் இருவரையும் சேர்த்தே முன்னால் நிறுத்தினான். கைகளைக் குறுக்காகப் போட்டு, வலது கையைச் சின்னவன் தலையில் வைத்தான். பெரியவன் முறைக்கவில்லை, சின்னவன் பீற்றிக்கொள்ளவில்லை. அங்கேதான் சண்டை அறுந்தது. யாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கொடுக்கவில்லையே! அதனால்தான் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளைகளை அந்த இருவர் பெயரைச் சொல்லி ஆசீர்வதிக்கிறோம்.

தேக்சாவாவது, விருந்தாவது! தனபாக்கியம் ஓடினாள். பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று தின்கன்ஜூனில் குதித்தாள். வீட்டில் தேவசகாயம் சாவியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே செல்லக்கண்ணு மண்டியிட்டிருந்தான். அவன் போட்டிருந்தது அப்பாசாமியின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. தன் சட்டை கசங்கியிருந்ததாம்.

ரெபெக்காள் யாக்கோபுக்கு மாட்டிவிட்ட ஏசாவின் உடுப்பு! தனபாக்கியத்துக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தன.

“கழட்டுடா அண்ணன் சட்டையை.”

பெரியவன் வரட்டும் என்று சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தாள். வெயில் சாய்ந்தது, அவன் வரவில்லை. கொஞ்ச நாள் என்று அனுப்பின தாயின் நினைவு வந்து வந்து போயிற்று.

விளக்கேற்றும் நேரத்துக்கு ஓர் ஆடு கத்தியது. பின்னால் புழுதியோடு அப்பாசாமி.

தனபாக்கியம் அவன் கையைப் பிடித்து, எதற்காக அனுப்பினாள் என்பதைச் சொன்னாள். அவன் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு நிமிர்ந்தான்.

“தெரியும்மா. தின்கன்ஜூன்ல கிடைக்காத ஆடா பெகுல? வீட்டை விட்டே மண்டலே பஸ்ஸுல ஏறிப் போயிரலாம்னுதான் நின்னேன். இவன் ஏறமாட்டேன்னுட்டான்.”

ஆட்டைக் காட்டினான். செல்லக்கண்ணுதான் முதலில் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான்.

இருவரும் தோளோடு தோள் ஒட்டி மண்டியிட்டார்கள். தேவசகாயம் தடவிப் பார்த்து, வலப்பக்கம் பெரியவன், இடப்பக்கம் சின்னவன் என்று தெரிந்துகொண்டு, வலது கையால் சாவியை நீட்டினார். அப்பாசாமி அதை வாங்கவில்லை. தகப்பன் மணிக்கட்டை மெல்லப் பிடித்துத் தம்பி பக்கம் திருப்பினான்.

“கணக்கு இவனுக்குத்தாம்பா வரும். என் பேச்சுக்கு ஆளுங்க வருவாங்க.”

சாவி உள்ளங்கையில் விழுந்ததும் செல்லக்கண்ணு அண்ணன் கையை இழுத்து அதன்மேல் மூடினான். “அண்ணன் வராம ஷட்டரைத் தூக்க மாட்டேம்மா,” என்றான்.

ஆடு தப்பித்தது. அன்றைக்கு அந்த வீட்டில் பருப்பும் சோறும்தான்.

உங்கள் வீட்டிலும் பெரியது முறைக்காமல் சின்னது பீற்றாமல் இருக்கட்டும், கண்ணுகளா. வெளியே போன பிள்ளை விளக்கேற்றும் நேரத்துக்கு வாசல் வந்து சேரட்டும். உங்கள் உலை ஒருநாளும் ஆறாதிருக்கட்டும்.